இடப்பக்கம் தொடங்கும் சுழி

எனக்குச் சுழிப் பைத்தியம். வேலை ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. வீட்டுக்கு வந்தால் கொலாஜ். கல்யாணப் பத்திரிகை, நேற்றைய காலண்டர் தாள், துணிக்கடைப் பை, வளைகுடாவிலிருந்து வரும் பார்சல் அட்டை என்று எது கையில் அகப்பட்டாலும் கிழித்து, சுருள் சுருளாக ஒட்டிவிடுவேன். போன வருஷத்துக் கரண்ட் பில்லைத் தேடினால் அது ஏதாவதொரு சுருளின் மூன்றாவது வளையத்தில் இருக்கும். வீட்டில் இதற்காக நான் வாங்கிய திட்டுக்கு அளவில்லை.

ஆனால் விட முடியவில்லை. அயர்லாந்தில் ஒரு பழங்காலக் கல்லறை மேட்டின் வாசல் கல்லில் சுருள் சுருளாகச் செதுக்கியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் பழங்குடிகள் பெரணிச் செடியின் சுருண்ட குருத்தைப் பார்த்து அதையே மரத்தில் கொத்துகிறார்கள், உடம்பில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். பெரு நாட்டுப் பாலைவனத்தில், மேலே பறந்தால்தான் முழுசாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக ஒரு குரங்கை வரைந்து, அதன் வாலைச் சுருட்டிவிட்டிருக்கிறார்கள். வாலைச் சுருட்டி ஆசனம் போட்டு உட்கார்ந்தவரை எங்கள் சீமையில் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தப் படத்தை முதன்முதலில் போனில் பார்த்த அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். யார் யாரிடம் போய்க் கேட்டு வரைந்தார்கள் இதையெல்லாம்?

நாமோ எழுத உட்கார்ந்தாலே முதலில் ஒரு சுழி போடுகிறவர்கள். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன. கடலில் ஆளை இழுப்பதும் சுழி, மாட்டு வியாபாரி காளையின் முதுகில் தேடுவதும் சுழி, ஒன்றுமே இல்லை என்றால் அதுவும் சுழியம். கரையில் கிடக்கும் சங்கை எடுத்துக் காதில் வைப்பதற்கு முன்னால் அது எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்க்கிற ஊர் இது. இடம்புரி என்றால் காதில் வைப்போம். வலம்புரி என்றால் பூஜை அறையில் வைப்போம். நான் இன்றுவரை கரையில் வலம்புரி கண்டதில்லை.

என் வீட்டுக்காரருக்கு உச்சந்தலையில் ரெட்டைச் சுழி. ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பெண்டாட்டி என்பது எங்கள் பக்கத்தில் யாரும் மறுத்துப் பேசாத சட்டம். அவர் தங்கச்சிமடத்திலிருந்து பரமக்குடி மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிப் போகும் வண்டியின் டிரைவர். வீட்டுக்கு வந்ததும், “ஒண்ணு நீ, டீச்சரம்மா. இன்னொருத்தி எங்கனயோ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா. எங்கனன்னுதான் தெரியல” என்பார். “கூட்டிட்டு வாங்க. சமையலுக்கு ஆள் வேணும்” என்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அலுக்காமல் சொல்லிவந்த பேச்சு அது.

ஐப்பசி மழையில் ஒரு காலை டீ குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். மதுரைக்குக் கொண்டுபோனோம். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார்கள். பேச்சு போகவில்லை. இடது கையில் பலம் குறைவு, இடது காலில் லேசான இழுப்பு, அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

மறுநாள் காலை தட்டில் நான்கு இட்லி வைத்தேன். இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, “ரெண்டு இட்லிதானா? ஆஸ்பத்திரியிலயே இதவிடக் கூட வச்சாங்க” என்றார். இடப்பக்கத்து இரண்டும் அப்படியே இருந்தன. கேலி செய்கிறார் என்று நினைத்து, தட்டைச் சுற்றித் திருப்பி வைத்தேன். “இது எப்ப வச்ச?” என்று கேட்டார். முகத்தில் விளையாட்டே இல்லை. அன்று சவரம் செய்துகொண்டு வந்தபோது வலது கன்னம் மழுமழுவென்று இருந்தது, இடது கன்னத்தில் வெள்ளை முடி அப்படியே நின்றது. அப்போதே டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் விளக்கினார். கண்ணில் கோளாறில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்கவில்லை. இருட்டாகத் தெரிகிறது என்றுகூட இல்லை. இருட்டாகத் தெரிந்தால் அங்கே என்னவென்று தேடுவார். இவருக்குத் தேட வேண்டும் என்றே தோன்றாது. சிலருக்கு மெதுவாகத் திரும்பி வரும், சிலருக்கு முழுசாக வராது, வராத வரைக்கும் வண்டி ஓட்டுவதை மட்டுமல்ல, தனியாக ரோட்டில் நடப்பதையே நினைக்கக் கூடாது என்றார்.

வண்டியாவது மண்ணாவது. என் பிரச்சினை வேறு. கட்டிலில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். “ஏ புள்ள, எங்கன போன?” என்று கூப்பிடுவார். “இங்கனதான் இருக்கேன்” என்றால் தலையை வலப்பக்கம் திருப்பித் தேடுவார். என் குரல் அந்தப் பக்கமிருந்து வந்ததாகத்தான் அவருக்கு இருக்கும். நான் எழுந்து சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றால், “எங்க போயிருந்த?” என்று கேட்பார். தமிழில் இடம் என்றால் இடப்பக்கம். நாம் இருக்கிற இடத்துக்கும் அதே சொல்தான். அவருக்கு அந்த இடம் தொலைந்ததில் எனக்கும் இருக்க இடமில்லாமல் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. பயத்துக்கு நடுவிலேயே ஒரு பிரமிப்பும் இருந்தது. ஒரு மனிதருக்குள் உலகம் பாதியாகும், பாதியானது அவருக்கே தெரியாது என்றால், எனக்குத் தெரியாமல் என் உலகத்தில் எது இல்லையோ?

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண் சின்ன வயது, கறார். “அக்கா, எல்லாத்தையும் அண்ணனுக்கு இடது பக்கமே வைங்க. தண்ணி, போன், ரிமோட்டு எல்லாம். நீங்களும் இடது பக்கமே உட்காருங்க. தேடட்டும்” என்றாள். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் நம் ஆட்கள் பார்க்க வந்தால் என்ன செய்வார்கள்? வலக்கையால்தான் கொடுப்பார்கள், அவருடைய வலக்கையில்தான் கொடுப்பார்கள், அதற்குத் தோதாக வலப்பக்கம்தான் வந்து நிற்பார்கள். ஆப்பிளோ ஆர்லிக்ஸோ எல்லாம் வலப்பக்கம் குவிந்தது. அவருடைய அக்கா ஒருநாள் விபூதி பூசிவிட வந்தார். “இந்தப் பக்கமா வாங்க மதினி” என்றேன். “பீச்சாங்கைப் பக்கமிருந்தா பூசுவாங்க? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?” என்று கேட்டு வலப்பக்கமே போய்ப் பூசினார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நோயாளி வீட்டில் நாத்தனாரோடு சண்டை போடக் கூடாது என்று காபி போடப் போய்விட்டேன்.

தை பிறந்ததும் பொங்கலன்று இலை போட்டேன். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். உப்பும் ஊறுகாயும் இனிப்பும் அந்த நுனியில்தான் வைப்போம். அவர் சோறு பிசைந்து வாயில் வைத்துவிட்டு, “உப்புக்கூட வைக்கத் தோணலையாக்கும்” என்றார். நுனியில் உப்பு இருந்தது, சர்க்கரைப் பொங்கல் இருந்தது.

அந்த வாரம் அவருடைய டிரைவர் கூட்டாளி ஒருவர், “அண்ணனுக்குக் காத்துப் பட்டாத் தேவலை” என்று காரில் எங்களைத் தங்கச்சிமடத்துக்குக் கூட்டிப் போனார். பாம்பன் பாலத்தில் ஏறினோம். இந்தக் கடல்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது வலப்பக்கம் மன்னார் வளைகுடா, அலையடிக்கும், அதை ஆண் கடல் என்பார்கள். இடப்பக்கம் பாக் நீரிணை, பெரும்பாலும் அமைதி. அது பெண் கடல். என் வீட்டுக்காரர் தினம் தினம் இரண்டுக்கும் நடுவில் ஓட்டியவர். பாலத்தில் நான் பின்னாலிருந்து, “கடல் எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “ஆங்காரமாத்தான் இருக்கு” என்றார். “பெண் கடல்?” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “ஒரு கடல்தானே இருக்கு” என்றார். ஓட்டிக்கொண்டிருந்த கூட்டாளி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். திரும்பி வரும்போது வலப்பக்கம் பெண் கடல். அவர் அதை ஆசையோடு பார்த்துக்கொண்டே வந்தார். போகும்போது பார்த்த கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். இவ்வளவு பெரிய நீர், தலையைத் திருப்பாமலே கண்ணில் படுவது, அவருக்கு அப்படியே இல்லாமல் போகிறது. அழக்கூடத் தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் அவருக்காக ஒரு சுழி ஒட்டும் எண்ணம் வந்தது. சுழியில் போகிறவன் எந்தப் பக்கத்தையும் விட்டுவிட்டுப் போக முடியாது. வலப்பக்கம் எத்தனை தரமோ இடப்பக்கமும் அத்தனை தரம். அவருடைய விரலைச் சுழியின் வாசலில் வைத்துவிட்டால் அது தானாக அவரை இடப்பக்கத்துக்குக் கூட்டிப் போகாதா? சுழி மேல் எனக்கு இருந்த பக்தியில் அப்படிக் கணக்குப் போட்டேன்.

கட்டிலில் இரண்டு பேர் மடி மேலும் கிடக்கும் அகலத்துக்கு ஒரு பலகை எடுத்தேன். வெறும் தாளை ஒட்டினால் கண் தாண்டிவிடும், விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்று, அவர் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டும் பச்சை நைலான் கயிற்றையே சுழியாக வளைத்துப் பசை போட்டு ஒட்டினேன். கயிற்றின் ஓரமெல்லாம் என் உலகச் சேமிப்பு: கல்லறைச் சுருள், பெரணிக் குருத்து, பெரு நாட்டுக் குரங்கு, சங்கு, மூன்று சுழி ண. வாசல் அவர் நெஞ்சுக்கு நேரே, பலகையின் கீழ் ஓரத்து நடுவில். நல்ல காரியம், வலமாகத்தான் போக வேண்டும் என்று கயிற்றை அங்கிருந்து வலப்பக்கம் திருப்பி மேலே கொண்டுபோனேன். இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகவே எனக்குப் படவில்லை.

விரலை வைத்தார். கயிறு வலப்பக்கம் போயிற்று, விரலும் உற்சாகமாகப் போயிற்று. மேலே ஏறியது. உச்சியில் நடுவுக்கு வந்ததும் நின்றது. “அறுந்துபோச்சு” என்றார். “அறுகல. போங்க.” “கயிறே இல்ல புள்ள, எங்கிட்டுப் போக?” விரலுக்குக் கீழே பச்சைக் கயிறு இடப்பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அதே உச்சியில் அறுந்தது. கடைசியில் அவருக்கு எரிச்சல் வந்து பலகையைத் தள்ளிவிட்டார். எனக்கும் எரிச்சல்தான், பலகையைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டேன்.

அதை அங்கே பார்த்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். கீழக்கரைக்காரர், போன வருஷம் உம்ராவுக்கு மக்கா போய் வந்தவர். என் வீட்டுக்காரரைப் பார்க்க வந்தவர் கிளம்பும்போது பலகையை இழுத்து வைத்துப் பார்த்தார். வாசலில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்தார்.

“டீச்சர், என்ன இது, எங்க ஆளுக மாதிரி சுத்திருக்கீங்க?”

“வலமாத்தான் ஒட்டிருக்கேன்” என்றேன்.

“எங்கன வலம்? விரலோட போய்ப் பாருங்க. நடு இடது கைப் பக்கம்ல இருக்கு. நாங்க தவாஃப் சுத்துறப்ப கஅபா இடது பக்கம் இருக்கும். இதயம் இருக்குற பக்கம்னு எங்க உம்மா சொல்லுவாங்க. நீங்க கோயில்ல சாமிய வலது பக்கம்ல வச்சுச் சுத்துவீங்க?”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. “வலப்பக்கம் திரும்பினா வலம்தானே?” என்றேன். கணக்கு டீச்சரிடம் வாதாடுவதில் பயனில்லை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். “கோயிலுக்குப் போய்ட்டு வந்து பேசுங்க” என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீம்புக்காகவே அடுத்த வெள்ளிக்கிழமை திருப்புல்லாணிக்குப் பஸ் ஏறினேன். பெருமாளைச் சேவித்தேன். வெளியே வந்து பிராகாரம் சுற்ற, சந்நிதியைப் பார்த்தபடி நின்றேன். கால்கள் தாமாகத் திரும்பின. இடப்பக்கம் திரும்பின.

அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த அம்மா முதுகில் இடித்து, “வழியில என்னத்துக்கு மரம் மாதிரி நிக்கிறீக?” என்று கடிந்துகொண்டு போனார். நான் பழைய இடத்துக்கே போய் நின்று மறுபடி தொடங்கிப் பார்த்தேன். மறுபடியும் இடப்பக்கம்தான். சாமி வலக்கைப் பக்கம் வர வேண்டும் என்றால் முதல் அடியை இடப்பக்கம் வைத்தே ஆக வேண்டும். வலம் வருவது இடத்தில் தொடங்குகிறது. நடை பழகிய நாளிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறேன். காலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சொல்லை நம்பிக் கயிறு ஒட்டியிருக்கிறேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெருமாளுக்காகவா, கணக்கு டீச்சருக்காகவா, எத்தனையோ தலைமுறையாக இந்தக் கல்லில் இடப்பக்கம் திரும்பிய எல்லாக் கால்களுக்காகவுமா, சொல்லத் தெரியவில்லை. அன்று நான் கேட்டுக்கொண்ட வேண்டுதல் ஒன்றுதான்: அவருடைய விரலும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்து கயிற்றைப் பிய்த்தேன். பசையோடு பெரு நாட்டுக் குரங்கின் வால் பாதி போயிற்று, போகட்டும். வாசல் அதே இடம், நெஞ்சுக்கு நேரே. அங்கிருந்து கயிறு நேராக இடப்பக்கம் போய், இட ஓரத்தை ஒட்டி மேலே ஏறி, உச்சி வழியாக வலம் வந்து உள்ளே சுருண்டது. பிசியோதெரபிப் பெண் பார்த்துவிட்டு, “இது நல்லாருக்கு அக்கா. வலது பக்கம் முதல்ல போனா அங்கயே ஒட்டிக்கிருவாங்க” என்றாள். தினமும் தன் பயிற்சியோடு இதையும் சேர்த்துக்கொண்டாள். அவருடைய விரலை எடுத்து வாசலில் வைப்பாள். விரல் கொஞ்ச தூரம் இடப்பக்கம் போகும், நிற்கும். “இன்னும் இருக்குண்ணே” என்பாள். இன்னும் கொஞ்சம் போகும். ஒரு நாள் ஒரு விரற்கடை, ஒரு நாள் ஒன்றுமேயில்லை. கொலாஜால் குணமாயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து, அவள் உழைப்பு, நாள்பட நாள்பட மூளை தானே தேறுவது எல்லாம் இருந்தன. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டிலில் அவர், வழக்கம்போல் இடப்பக்கம் நான். பலகை இரண்டு பேர் மடியிலும் கிடந்தது. அதன் இட ஓரம் சரியாமல் நான் பிடித்திருந்தேன், கட்டைவிரல் கயிற்றின் மேல் கிடந்ததை நானே கவனிக்கவில்லை. அவர் தாமாகவே வாசலைத் தடவிக் கண்டுபிடித்து விரலை வைத்தார். விரல் இடப்பக்கம் கிளம்பியது. வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றது. விரல் கயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு மேற்கொண்டு போயிற்று, ஓரத்தில் திரும்பியது, என் கட்டைவிரலில் வந்து முட்டியது.

“கயித்துல என்னமோ கிடக்கு” என்றார். நகத்தைத் தடவினார். “நண்டா?”

நான் அசையவில்லை. விரல் நகத்திலிருந்து மணிக்கட்டுக்கு ஏறி, வளையலைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. அதன் பின்னாலேயே, மெள்ள மெள்ள, அவருடைய கண்ணும் வந்தது. பலகையின் நடுவைத் தாண்டியது. குரங்கைத் தாண்டியது. வளையல், முழங்கை, தோள். அத்தனை மாதம் நான் இல்லாமலிருந்த இடத்தில் என் முகத்தைப் பார்த்தார்.

“ஏ புள்ள” என்றார். “நீ எம்புட்டு நேரமா இங்கன இருக்க?”

“ஐப்பசியில இருந்து” என்றேன்.

பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நான் வழக்கமாகக் காபி கொண்டுவந்து நிற்கும் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாருமில்லை. மறுபடி தலையை இடப்பக்கம் திருப்பினார். யாரும் சொல்லாமல் அவராகத் திருப்பினார். கை உச்சந்தலைக்குப் போயிற்று.

“அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி” என்றார். “ரெட்டைச் சுழி பொய் சொல்லல, டீச்சரம்மா.”

“அவளச் சமைக்கச் சொல்லுங்க” என்றேன்.